கால் வைக்க ஒரு படி

கீழமருதூர் பொது நூலகத்தின் காவலாளி பரமானந்தம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு கேட்டைத் திறந்தபோது, தாவணி கட்டிய ஒரு பெண் தோளில் ஜோல்னாப் பையும் முதுகில் ஒற்றைச் சடையுமாக, இடது காலைத் தரையில் ஊன்றி வலது காலை ஆறங்குலம் தூக்கியபடி, வாசலுக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். நூலகம் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும் என்று அவர் சொன்னார். அவள் நகரவில்லை. சரி, காத்திருக்கட்டும் என்று அவர் உள்ளே போய்ப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, நாளிதழ்களைக் கம்பியில் கோத்துவிட்டு ஒன்பது மணிக்கு வெளியே வந்து பார்த்தால், தூக்கிய கால் தூக்கியபடியே இருந்தது. முகத்தைப் பார்க்கலாமென்று சுற்றி வந்தார். எந்தப் பக்கம் நடந்தாலும் அவளுடைய பக்கவாட்டுத் தோற்றமே தெரிந்தது. உடம்பு முழுக்க ஒரே கறுப்பு, இப்போதுதான் பேனாவிலிருந்து இறங்கிய மை மாதிரி. வெயில் கிழக்கில் இருந்தபோதும் உச்சிக்கு வந்தபோதும் மேற்கே சாய்ந்தபோதும், அவளுடைய நிழல் மட்டும் வலது பக்கத்தில் சரியாக நாற்பத்தைந்து பாகையில் விழுந்து அசையாமல் கிடந்தது. மாலையில் பூட்டிக்கொண்டு புறப்படும்போது பரமானந்தத்துக்கு மனசு கேட்கவில்லை. சைக்கிள் நிறுத்துமிடம் கட்டி மீந்த செங்கல்லில் இரண்டை எடுத்துவந்து ஒன்றன்மேல் ஒன்றாக அந்தக் காலுக்குக் கீழே வைத்தார். காலுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிற அளவு இடைவெளி மிச்சமிருந்தது.

அதே செவ்வாய்க்கிழமை அதே பெண் திண்டுக்கல்லில் ஒரு வங்கியின் வாசலிலும், மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் முன்னாலும், காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்திலும், திருச்சியில் ஒரு பெண்கள் விடுதியிலுமாக மொத்தம் நாற்பத்தேழு இடங்களில் நின்றாள். நாற்பத்தேழும் ஒரே கட்டடக் கலைஞரின் வேலை. அவர் பெயர் அங்கயற்கண்ணி. அலுவலகத்தில் எல்லோருக்கும் கயல் மேடம்.

முதல் இரண்டு நாள் ஜனங்கள் வேடிக்கை பார்த்தார்கள், மூன்றாம் நாள் பழகிவிட்டார்கள். வங்கியில் வரிசைக்கு முதல் ஆளாக எப்போதும் அவள்தான் நின்றாள் என்பதால், முதலில் வருகிறவர் அவளுக்குப் பின்னால் ஒரு முழம் விட்டு நின்றுகொண்டார். அதை யாரும் மீறவில்லை. கண் ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்ததும் நர்ஸ்கள் நோயாளியை ஜன்னலோரம் கூட்டிப்போய், அந்தப் பொண்ணு எந்தக் காலைத் தூக்கியிருக்கு என்று கேட்டார்கள். வலது கால் என்று சொன்னவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் அவள் வலது காலைத்தான் எடுத்துவைக்கப் போகிறாள் என்று பார்த்துத் திருப்திப்பட்டு, முதல் பந்தியில் அவளுக்கும் ஓர் இலை போட்டார்கள். நகராட்சி அவள் கட்டடத்துக்கு முன்னால் விடவேண்டிய காலியிடத்தில் நிற்கிறாள் என்று நோட்டீஸ் ஒட்டியது, பிறகு அந்தக் கோப்பில் 'தற்காலிகம்' என்று எழுதி மூடிவைத்தது. ஆட்டோக்காரர்கள் அவளுக்குக் கால்தூக்கி என்று பேர் வைத்தார்கள். மழை வந்தபோது நாற்பத்தேழு இடத்திலும் நாற்பத்தேழு பேர், யாரும் சொல்லாமலே, குடையோ தார்ப்பாயோ கொண்டுவந்து கட்டினார்கள். எல்லா இடத்திலும் யாரோ ஒருவர் அந்தக் காலுக்குக் கீழே செங்கல்லோ பலகையோ பழைய பேரேடுகளோ அடுக்கினார். எல்லா இடத்திலும் ஒரு தாள் நுழைகிற இடைவெளி மிச்சமிருந்தது.

புளியங்குளம் என்ற சின்ன ஊரின் ஆரம்பப் பள்ளியில் மட்டும் அவள் இரண்டரை அடி உயரத்தில் நின்றாள். அங்கே படித்த பிள்ளைகள் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். வருகைப் பதிவில் பெயர் இல்லாததால் டீச்சர் கடைசியாக 'அப்புறம் அவ' என்று சொல்ல, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து 'உள்ளேன் டீச்சர்' என்றார்கள்.

கயல் மேடத்தின் அலுவலகமும் அவர் வரைந்த கட்டடம்தான் என்பதால் அங்கேயும் ஒருத்தி நின்றாள். அறுபத்திரண்டு வயதான கயல் அந்தச் செவ்வாய்க்கிழமை காரிலிருந்து இறங்கி, சடையைப் பார்த்து, பையைப் பார்த்து, தூக்கிய காலைப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் ஜெனரேட்டர் அறை வழியாகத் தன் அறைக்குப் போனார். அன்றிலிருந்து பதினோரு நாள் அந்த வழியாகத்தான் வந்தார், அந்த வழியாகத்தான் போனார். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது. வாசலில் நிற்பவள் பெயர் ஜெபக்கனி.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் சென்னையில் கட்டடக்கலைக் கல்லூரியின் பெண்கள் விடுதியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அறையில், மதுரைப் பேருந்து நடத்துநரின் மகள் கயலும் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளியின் மகள் ஜெபக்கனியும் ஒரே வரைபலகையை முறைவைத்துப் பயன்படுத்தினார்கள். இருவர் வீட்டிலும் அதற்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. வகுப்பில் மற்றவர்கள் தங்கள் கட்டட முகப்புகளுக்கு முன்னால், உயரம் புரிவதற்காக, வெளிநாட்டிலிருந்து வந்த தேய்த்து ஒட்டும் தாளிலிருந்து மனிதர்களை எடுத்து ஒட்டுவார்கள். கோட்டும் தொப்பியும் போட்ட கனவான்கள் கையில் குடையோடு ஆரம்ப சுகாதார நிலையங்களின் வாசலிலும் ரேஷன் கடைகளின் வாசலிலும் நிற்பார்கள். அந்தத் தாள் வாங்க இருவராலும் முடியாது. ஜெபக்கனி சிரித்துவிட்டு, கீழமருதூரில் எவன் கோட்டுப் போட்டுக்கொண்டு நூலகத்துக்கு வருகிறான் என்று கேட்டாள். அப்பாவின் மார்பை எடுத்த பழைய எக்ஸ்ரே ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து, அரை பிளேடால், மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பெண்ணை வெட்டினாள். சுவரில் மாட்டிய கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து வெட்டியதால் அவளே வந்தாள். வெட்டிய ஓட்டையை டிரேசிங் தாளின் மேல் வைத்து மையை நிரப்பினால், ஒன்றுக்கு ஐம்பது அளவில், அதாவது நிஜத்தை ஐம்பதில் ஒரு பங்காகச் சுருக்கி வரையும் தாளில், சரியாக ஐந்தடி உயரப் பெண். வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டையைச் சுற்றி அவள் அப்பாவின் விலா எலும்புகள் தெரியும்.

கீழமருதூர் நூலகம் மாணவர்களுக்காக அறிவிக்கப்பட்ட போட்டி. கயல் முகப்பை வரைந்தாள். கட்டடத்தை நடுவில் பூசணிக்காய் மாதிரி வெட்டி உள்ளே இருப்பதைக் காட்டும் வெட்டுத் தோற்றத்தை, அவர்கள் பேச்சில் செக்‌ஷனை, ஜெபக்கனி வரைந்தாள். சமர்ப்பிக்க எட்டு நாள் இருக்கும்போது தந்தி வந்தது. ஜெபக்கனி ஒரு பையோடு ரயிலேறினாள். அப்பா இறந்துவிட்டார், தம்பி தங்கைகள் மூன்று பேர், திரும்பி வரவில்லை. படிப்பை நிறுத்துவதாக அவள் எழுதியதும் கல்லூரி அவள் பெயரை அடித்துவிட்டது. போட்டி விதியில், பெயர் கொடுப்பவர்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று இருந்தது. கயல் விதியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பிறகு, தாள்களின் மூலையில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் இருந்த இரண்டு பெயர்களில் ஒன்றை அரை பிளேடால் மெல்லச் சுரண்டி எடுத்தாள். வெட்டுத் தோற்றம் முழுக்க வேறொருத்தியின் கை என்று பார்த்தாலே தெரியும் என்பதால் அதை ஒதுக்கிவிட்டு, அவசரமாக வேறொன்றை, ஆளில்லாமல், தானே வரைந்தாள். முகப்பு வெறிச்சென்று இருந்தது. தன் கருவிப் பெட்டியில் கிடந்த எக்ஸ்ரே துண்டை எடுத்து, வாசலுக்கு முன்னால் தரைக் கோட்டின்மேல் வைத்து மை நிரப்பினாள்.

பரிசு கிடைத்தது. நூலகம் எழுந்தது. அந்த முகப்புத் தாளைச் சட்டம் போட்டு நூலகத்திலேயே மாட்டினார்கள். கடிதம் எழுத வேண்டும் என்று கயல் நினைத்தாள். கட்டடம் முடியட்டும் என்று ஒரு வருஷம், சொந்தமாக அலுவலகம் போடட்டும் என்று ஐந்து வருஷம், இத்தனை நாள் கழித்து என்னவென்று எழுதுவது என்று மீதி வருஷங்கள். ஒவ்வொரு புதுக் கட்டடத்தின் முகப்பிலும் அந்தப் பெண்ணை நிறுத்தாமல் மட்டும் அவளால் இருக்க முடியவில்லை. ஒரு கருத்தரங்கில், ஏன் ஒரு கால் அந்தரத்தில் நிற்கிறது என்று யாரோ கேட்டபோது, உள்ளே வரத் தயங்குகிறவருக்காகக் கட்டடம் காத்திருக்க வேண்டும், அதுதான் என் கொள்கை என்று கயல் வாய்க்கு வந்ததைச் சொன்னார். அது பாடப்புத்தகத்தில் ஏறியது. ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் பரீட்சைகளில் வந்தது. சொல்லிச் சொல்லி அவருக்கும் அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது. இந்த வருஷம் கட்டடக் கலைஞர் சங்கம் வாழ்நாள் பதக்கத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்து ஒரு படிவம் அனுப்பியது. அதில் நாற்பத்தேழு கட்டடங்களின் பட்டியலுக்குக் கீழே, அலுவலகத்தின் அடையாளமான உருவத்தை வடிவமைத்தவர் யார் என்று ஒரு கேள்வி. கயல் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை தபாலில் சேர்த்தார். மறுநாள் செவ்வாய்க்கிழமை.

பன்னிரண்டாம் நாள் பரமானந்தம் பஸ் பிடித்து மதுரைக்கு வந்து கயல் மேடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். பத்திரிகைக்காரர்களையும் பேராசிரியர்களையும் திருப்பி அனுப்பிய கயல், தன் முதல் கட்டடத்தை இருபத்தாறு வருஷமாகப் பூட்டித் திறக்கிறவரைத் திருப்பி அனுப்பவில்லை. அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, செங்கல் வைத்துப் பார்த்ததையும், தேக்குப் பலகை வைத்துப் பார்த்ததையும், பழைய கலைக்களஞ்சியத்தில் இரண்டு தொகுதிகளை நூலகரிடம் கேட்டு வாங்கி வைத்துப் பார்த்ததையும் சாவகாசமாகச் சொல்லிவிட்டு, தான் கேட்க வந்ததைக் கேட்டார்.

"கால் வலிக்கும்ல மேடம். எதை மிதிக்கப் போச்சு அந்தப் பிள்ளை? சொன்னீங்கன்னா அதையே கொண்டாந்து வச்சிருவேன்."

கயல் பாடப்புத்தகப் பதிலைச் சொல்ல வாயெடுத்தார். அது வரவில்லை. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக யோசித்துப் பார்த்தார். அந்தக் கால் ஏன் தூக்கியிருக்கிறது என்று ஜெபக்கனியிடம் அன்றைக்கும் கேட்டதில்லை.

"தெரியலைங்க" என்றார்.

"நீங்கதானே வரைஞ்சது?"

"இல்லை."

பரமானந்தம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அப்ப வரைஞ்சவங்களைக் கேட்டுச் சொல்லுங்க மேடம், நான் வியாழக்கிழமை வரைக்கும் செங்கல்லையே வச்சிருக்கேன்" என்று எழுந்துகொண்டார்.

அன்றைக்கே கயல் தூத்துக்குடிக்குப் போனார். வழியெல்லாம், ஜெபக்கனி கதவைச் சாத்தினால் திரும்பி வந்து மேடைகளில் எப்படி நிற்பது என்ற பயமும், அவள் உயிரோடு இல்லாவிட்டால் அந்தக் கால் என்றைக்கும் இறங்காது என்ற பெரிய பயமும் மாறி மாறி வந்தன. உப்பு மண்டித் தெருவில் இரண்டே விசாரிப்பில் இடம் தெரிந்தது. உப்பு மூட்டைகளிலும் மீன் பெட்டிகளிலும் பேர் அடிப்பதற்குத் தகட்டில் எழுத்து வெட்டித்தரும் கடை. பலகையில் 'கனி எழுத்து வெட்டகம்' என்று, அலையில் மிதப்பது போன்ற எழுத்துகள். கடைக்கு ஒரு படி. கயல் அதில் ஏறக் காலைத் தூக்கினார். தூக்கிய காலை வைக்க முடியாமல் அப்படியே நின்றார்.

உள்ளே, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நரைத்த ஒற்றைச் சடையோடு ஒருத்தி தகட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏட்டி கயலு" என்றாள். "காலத் தூக்கிட்டு நிக்காத. ஏறி வா."

கயல் ஏறிப்போய் உட்கார்ந்தார். "நல்லா இருக்கீங்களா" என்று அலுவலகப் பழக்கத்தில் கேட்டுவிட, ஜெபக்கனி தகடு அதிரச் சிரித்து, பக்கத்துக் கடையில் இரண்டு டீ சொன்னாள். சுவரில் நாளிதழ்ப் படம் ஒன்று ஒட்டியிருந்தது. வங்கி வாசலில் நிற்கும் பெண். சடையை அன்றைக்குக் கொஞ்சம் நீளமாக வெட்டிவிட்டேன் என்று அதைப் பார்த்துச் சொன்னாள். தன் எழுத்துகள் கொழும்புக்கும் ரங்கூனுக்கும் கப்பலில் போவதைச் சொன்னாள். உன் வேலை வச்ச இடத்தில் நிக்கும், என் வேலை ஊர் ஊராப் போகும் என்றாள். அதில் வருத்தமில்லை, கொஞ்சம் கர்வம்தான் இருந்தது. தம்பி தங்கைகளைப் படிக்கவைத்ததையும் அதே மூச்சில் சொன்னாள்.

கயல் பெயரைச் சுரண்டியதைச் சொன்னார், ஒதுக்கிய தாளைச் சொன்னார், படிவத்தைச் சொன்னார். விதி அப்படி இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட நினைத்து, அதையும் சொன்னார். ஜெபக்கனி டீயைக் குடித்து முடித்து தம்ளரைத் தள்ளிவைத்தாள்.

"தெரியும். நூலகம் தொறந்த வருஷமே வந்து பாத்தேன். கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாலும், பிளேடு பட்ட இடம் எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு, குரலை உயர்த்தாமலே, "பேர எடுத்ததுகூடப் போட்டும். பிள்ளைய வெளியவே நிப்பாட்டிட்டியே" என்றாள்.

"எங்க நிக்கணும்?"

"படியிலட்டி. செக்‌ஷனுக்கு வெட்டுனதுல்லா அது. மாடிப்படியோட மொத படி, ஆறங்குலம். நூலகத்துக்குள்ள நொழஞ்சு, மேல படிக்கப் போறா. நீ கொண்டுபோய்த் தரையில வச்சிட்டு, தயக்கம், கொள்கைன்னு பேசிட்டுத் திரியுத."

கயலுக்கு அழுகை வரும்போல இருந்தது, ஆனால் வந்தது சிரிப்பு. இத்தனை வருஷப் பாடப்புத்தகங்களை நினைத்து இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் ஜெபக்கனி புகையிலை டப்பா ஒன்றைத் திறந்து, விரல் கணு அளவு கறுப்புத் துண்டு ஒன்றைக் காட்டினாள். எக்ஸ்ரேயிலிருந்து வெட்டி எடுத்த பெண். ஓட்டை கயலிடம் போனது, பெண் இவளிடமே இருந்திருக்கிறாள். இடுப்பருகே அப்பாவின் விலா எலும்பு ஒரு வெள்ளைக் கீற்றாக ஓடியது.

வியாழக்கிழமை காலை இருவரும் கீழமருதூரில் இறங்கினார்கள். வாசலில் நின்றவளை ஜெபக்கனி சுற்றிவந்து பார்த்தாள். அவளுக்கும் பக்கவாட்டுத் தோற்றம்தான் தெரிந்தது. பரமானந்தம் வாசகர்களை நகரச் சொல்லி வாசிப்பு மேசையைக் காலிசெய்துகொடுத்தார். யாரும் வெளியே போகவில்லை, சுவரோரம் நின்றார்கள். கயல் புது டிரேசிங் தாளை விரித்து, நூலகத்தின் வெட்டுத் தோற்றத்தை ஞாபகத்திலிருந்து வரைந்தார். அஸ்திவாரம், தரை, பதினான்கு படிகள், மாடி, மாடியில் ஜன்னல். நாற்பது வருஷத்துக்கு முந்தைய அந்த ஒதுக்கிய தாளில் ஜெபக்கனி ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டிருந்தது நினைவுக்கு வந்து, அதையும் போட்டார். ஜெபக்கனி எக்ஸ்ரே துண்டை வாங்கி, ஓட்டையின் கால் முதல் படியில் சரியாக அமரும்படி வைத்து, மையை நிரப்பினாள்.

வாசலில் ஒன்றும் நடக்கவில்லை.

பரமானந்தம் எட்டிப் பார்த்துவிட்டு, அப்படியேதான் இருக்கு என்று மெதுவாகச் சொன்னார். கயல் ஜெபக்கனியைப் பார்த்தார், எழுந்துபோய்ச் சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றிக் கொண்டுவந்தார், பின்பக்க ஆணிகளைத் தாமே நெம்பி பழைய முகப்புத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். மூலைக் கட்டத்தில் ஒரு பெயரும் அதற்குக் கீழே ஒரு தேய்மானமும் இருந்தன. பிளேடு போட்ட தாளில் மறுபடி எழுதினால் மை ஊறிப் பரவும் என்பது வரைகிற எல்லோருக்கும் தெரியும். அதை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டுத்தான் எழுத வேண்டும். கயல் கட்டைவிரல் நகத்தை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்தார், தேய்த்தார், வாசகர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள், கோத்த நாளிதழ்கள் மின்விசிறியில் படபடத்தன. சுரண்டிய இடம் வெளிச்சத்தில் பளபளக்கிற வரைக்கும் தேய்த்துவிட்டுப் பேனாவை நீட்டினார்.

"நீ எழுது" என்றாள் ஜெபக்கனி. "எடுத்தது நீதான."

கயல் எழுதினார். கடைசி எழுத்தில் மட்டும் மை கொஞ்சம் ஊறியது.

வாசலிலிருந்து, செருப்பு கல்லைத் தட்டிவிடும் சத்தம் கேட்டது. இரண்டு செங்கல்லும் சரிந்து கிடக்க, அவள் நூலகத்துக்குள் நடந்து வந்தாள். நாற்பத்தைந்து பாகை நிழல் கூடவே வந்தது. மேசையைத் தாண்டும்போது தலையைத் திருப்பினாள். அங்கே இருந்தவர்கள் முதலும் கடைசியுமாக அந்த முகத்தை நேராகப் பார்த்தார்கள். இருபது வயது, அவசரம், கொஞ்சம் கேலி. முதல் படியில் வலது கால் தாள் நுழையாமல் உட்கார்ந்தது. பதினான்கு படியும் ஏறிப்போனாள். மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யாரும் போய்ப் பார்க்கவில்லை. படிக்கிற இடத்தில் தொந்தரவு செய்யக்கூடாது என்று பரமானந்தம் சொல்லிவிட்டு, செங்கற்களை எடுத்துப் பழைய இடத்தில் போட்டார்.

அன்று வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் மண்டபத்திலும் விடுதியிலும் அப்படியே நடந்ததாக மத்தியானத்துக்குள் கயலின் அலுவலகத்துக்கு ஃபோன்கள் வந்தன. கயல் சங்கத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினார். ஒரு பதக்கத்தில் இரண்டு பெயர் பொறிக்க இடமிருக்கிறதா என்று அவர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். கண் ஆஸ்பத்திரியில் மட்டும், இனி நோயாளிகளிடம் எதைக் காட்டிக் கேட்பது என்று நர்ஸ்களுக்குக் கொஞ்ச நாள் வருத்தம் இருந்தது.

அன்றைய கடைசி ஃபோன் புளியங்குளத்திலிருந்து, கயலும் ஜெபக்கனியும் நூலக வாசலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. அவள் மொட்டைமாடிப் படிக்குப் போய்விட்டாள், ஆனால் கால் எட்டவில்லை, என்ன செய்வது மேடம் என்று டீச்சர் கேட்டார். அங்கே ஏன் இரண்டரை அடி என்று ஜெபக்கனி கேட்க, சின்னக் கட்டடம் என்பதால் ஒன்றுக்கு இருபத்தைந்தில் பெரிதாக வரைந்து, அதே அச்சை வைத்துவிட்டேன் என்று கயல் ஒப்புக்கொண்டார்.

"நாலே வருஷம் படிச்ச நானே அதைப் பண்ணமாட்டேன்" என்றாள் ஜெபக்கனி, ஃபோனை வாங்கிக்கொண்டே. அந்தப் பக்கம் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. தூக்கிவிடட்டுமா என்று ஒரு சின்னக் குரல் கேட்டது.

"வேண்டாம்ய்யா" என்றாள். "கையை ஊனி அவளே ஏறுவா. நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்."

ஃபோனைக் கீழே வைக்காமல் இருவரும் நடுவில் பிடித்துக்கொண்டார்கள். அங்கே முப்பது பிள்ளைகள் ஒரே குரலில் ஒன்று என்றார்கள். வெகுநேரம் கழித்து, இரண்டு என்றார்கள்.